வாசல் பக்கம் போட்ட கட்டில்

ஜனவரி 12

என் சுண்டெலிக்கு,

அத்தை எழுதுறேன். முதுகு வலியைத் தவிர மத்தபடி நல்லாத்தான் இருக்கேன். அங்க எல்லாரும் சௌக்கியமா? அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில இன்னும் ராத்திரி டியூட்டிதானா?

நீ கதைப் புத்தகத்தையெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு, "கரப்பான் பூச்சி படிக்கட்டும்"னு சொல்றியாமே. உங்கப்பா எழுதியிருந்தான். விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம்தான் உறைச்சுது, அதுல ரெண்டு நான் எழுதின புத்தகம்.

திட்டுறதுக்காக இந்தக் கடுதாசி இல்லை. உன்னை வேலைக்கு எடுத்துக்கப் போறேன். புத்தகத்தைக் கண்டாலே ஓடுற பிள்ளைங்களுக்குன்னு ஒரு உளவாளிக் கதை கேக்கிறார் பதிப்பாளர். "ரெண்டாவது பக்கத்துக்குள்ள சிரிக்க வைக்கலைன்னா நீங்களும் நானும் வேற பொழப்பு பாக்க வேண்டியதுதான்"ங்கிறார். என் ஆள் பேரு உளவாளி தும்மல். எதிரியைத் தேடிப் போய் எங்க ஒளிஞ்சாலும் சரியா அங்கதான் அவனுக்குத் தும்மல் வரும். முதல் அத்தியாயத்தை இதோட வச்சிருக்கேன். எழுத்தெல்லாம் பெருசா போட்டிருக்கேன். எந்த இடத்துல உனக்குக் கொட்டாவி வருதோ அங்க பென்சிலால ஒரு புள்ளி வை.

இன்னொரு வேலையும் இருக்கு. நான் ஒத்தை ரூம்ல உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு எழுதுறவ. எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குது. நீ உங்க வீடு, மாடிப்படி, கீழ இருக்கிற கடை எல்லாத்தையும் உளவு பாரு. வித்தியாசமா என்ன கண்ணுல பட்டாலும் எழுது.

தபால்காரர் வர்ற பக்கமே பாத்துக்கிட்டு நிக்கிற,
உன் அத்தை


ஜனவரி 27

அன்புள்ள அத்தைக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேக்கணுமாம், அம்மா சொன்னாங்க. எப்படி இருக்கீங்க?

அத்தியாயம் படிச்சேன். ரெண்டு கொட்டாவிதான். தும்மல் மாவு டப்பாக்குள்ள ஒளியிற இடத்துல சத்தமா சிரிச்சுட்டேன். பகல்ல தூங்கிட்டு இருந்த அம்மா எந்திரிச்சு வந்து திட்டினாங்க.

உளவு ரிப்போர்ட். எங்க கட்டடத்துல கீழ ஜவுளிக்கடை. அப்பாதான் அங்க மேனேஜர், உங்களுக்கே தெரியும். கடைக்கு மேல மூணு மாடி. ரெண்டாவது மாடியில நாங்க, பக்கத்துல டைலர் மாமா. எல்லாமே முதலாளியோடதுதான். ஞாயித்துக்கிழமை கடை லீவு, ஷட்டர் மூடித்தான் இருக்கும். ஆனா போன ஞாயிறு உள்ள டொக் டொக்னு சத்தம். அப்புறம் பின்வாசல் வழியா துணி மூட்டையைத் தூக்கிட்டுப் போனாங்க. ஒரு மூட்டையை நாலு பேர் தூக்குறாங்க அத்தை! துணி அவ்வளவு கனமாவா இருக்கும்? அவங்க நடந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையா கால் தடம். மாவு டப்பாக்குள்ள விழுந்துட்டாங்க போல.

டைலர் மாமாகிட்ட சொன்னேன். வாயில குண்டூசி வச்சுக்கிட்டே சிரிச்சார். "முழுங்கிடப் போறீங்க"ன்னேன். "உன்னை மாதிரி நாலு பேர் சிரிக்க வச்சா முழுங்கித்தான் சாவேன்"னார்.

இன்னொண்ணு. எங்க வீட்டுல கோலியைக் கீழ வச்சா அதுவா உருண்டு குளியலறை மூலைக்குப் போகுது. முன்னாடியெல்லாம் இப்படிப் போகாது.

ரகசியமா,
சுண்டெலி


பிப்ரவரி 9

தலைமை உளவாளி சுண்டெலிக்கு,

உடம்பு தேவலை. உன் கடுதாசி வந்ததும் முதுகு வலிகூட மறந்து போச்சு. அம்மாவைத் தூங்க விடு, ராத்திரியெல்லாம் நின்னுட்டு வர்றவ.

நாலு பேர் தூக்குற துணி மூட்டை! நான் ஒரு வருஷம் உக்காந்து யோசிச்சாலும் இது வராது. மூணாவது அத்தியாயத்துல வச்சு இதோட அனுப்பியிருக்கேன். மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க தும்மல் உள்ளயே புகுந்துடுறான். நாலு பேர் தூக்கினது இப்ப அஞ்சு பேர் தூக்கியும் அசைய மாட்டேங்குது. பதிப்பாளர் படிச்சுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டார். கோலி உருள்றதும் உண்டு. எதிரி தரைக்கு அடியில காந்தம் வச்சிருக்கான்.

படம் போடுறவர் உங்க வீட்டையே வரையப் போறேன்கிறார். எந்தச் சுவர் எந்தப் பக்கம், கதவு எங்க, ஜன்னல் எங்க, எல்லாம் எழுது. இன்னும் என்னென்ன நடக்குதோ அதையும்.

உன் மூளையைத் திருடிச் சம்பாதிக்கிற,
அத்தை


பிப்ரவரி 24

அன்புள்ள அத்தைக்கு,

நாங்க சௌக்கியம். உங்க முதுகு சௌக்கியமா? மூணாவது அத்தியாயத்துல ஒரு கொட்டாவிகூட இல்லை. நானே ரெண்டு தடவை படிச்சேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

படம் போடுறவருக்கு: வாசல் கதவுக்கு நேரா கூடம். கூடத்துக்கு வலது பக்கம் என் கட்டில். கடைசி மூலையில குளியலறை. அந்தக் கதவு இப்ப மூட மாட்டேங்குது. மேல இடிக்குது. அம்மா தோளால தள்ளித்தான் மூடுறாங்க.

குளியலறைக் கதவுக்கு மேல சுவத்துல ஒரு கோடு வந்திருக்கு. ஆறு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது. முதலாளியோட ஆள் வந்து சுண்ணாம்பு பூசினான். நாலஞ்சு நாள்ல ஆறு திரும்ப வந்துடுச்சு. திரும்பப் பூசினான். திரும்ப வந்துச்சு, இப்ப அதுக்கு ஒரு கிளை ஆறும் இருக்கு. என் சுண்டு விரல் நுனி உள்ள போகுது. டைலர் மாமா வீட்டுல கத்தரிக்கோலை மேஜை மேல வச்சா அதுவா நகர்ந்து கீழ விழுது. அவருக்கு அது ஒரே வேடிக்கை. தையல் மெஷின் காலுக்கு அடியில அட்டை மடிச்சு வச்சிருக்கார்.

ஞாயித்துக்கிழமை சத்தம் நிக்கவே இல்லை. மாடிப்படிக்குக் கீழ கடைக்குள்ள போற சின்னக் கதவு ஒண்ணு இருக்கு, அதுல ஒரு ஓட்டை. வர்ற ஞாயிறு அங்க ஒளிஞ்சு எதிரியோட தலைவன் யாருன்னு கண்டுபிடிச்சு எழுதுறேன். தும்ம மாட்டேன்.

சுண்டெலி


மார்ச் 29

என் தங்கத்துக்கு,

உடம்பு சரியில்லையா? பரீட்சையா? இந்த மாசம் நான் போட்ட ரெண்டு கடுதாசிக்கும் பதில் இல்லை. எதிரியோட தலைவனைக் கண்டுபிடிச்சு எழுதுறேன்னு சொன்னியே. கதை அதுலதான் நிக்குது.

கதை கிடக்கட்டும். நீ நல்லா இருக்கேன்னு ஒரு வரி எழுது போதும். தந்தி அடிக்கலாம்னு தபாலாபீஸ் வரைக்கும் போனேன். என்னன்னு அடிக்கிறதுன்னு தெரியாம திரும்பி வந்துட்டேன்.

கவலையோட,
அத்தை


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். உன் உடம்பைப் பாத்துக்க. வேலை அதிகம், அதனாலதான் நான் எழுதல.

குழந்தை எழுதாததுக்குக் காரணம் நான்தான். நிறுத்தச் சொல்லிட்டேன். நீ தப்பா எடுத்துக்கக்கூடாது. அவ படிக்கணும்னுதான் உன்கிட்ட கேட்டேன். படிச்சா. ஆனா அதோட நிக்கல. போன மாசம் முதலாளி கடைக்கு வந்தப்ப நேரா போய், "மூட்டையில என்ன இருக்கு, எனக்குத் தெரியும்"னு சொல்லியிருக்கா. நான் அவர் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்க வேண்டியதாப் போச்சு. அவர் சிரிச்சார். சிரிச்சுட்டு, "வீடும் வேலையும் ஒரே இடத்துல அமையிறது எல்லாருக்கும் கிடைக்காது மேனேஜர்"னார்.

பழைய கட்டடம், அங்கங்க விரிசல் இருக்கத்தான் செய்யும். இன்ஜினியர் வந்து பாத்துட்டார். பயப்பட ஒண்ணுமில்லை. கடையில உள்ள கொஞ்சம் அலங்கார வேலை நடக்குது, அவ்வளவுதான்.

இனிமே கதை அனுப்பாதே. பரீட்சை முடியட்டும்.

உன் தம்பி


ஏப்ரல் 11

அத்தைக்கு,

நான் நல்லா இருக்கேன். இதை டைலர் மாமா தபால்ல போடுறார். அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கார்.

நான் உளவு பாக்கிறதை விட்டுட்டேன். அந்த ஓட்டை வழியா பாத்தேன். தலைவன் யாருன்னு கேக்காதீங்க. நான் சொல்ல மாட்டேன். கடைச் சாவி எத்தனை பேர்கிட்ட இருக்கும் அத்தை? முதலாளிகிட்ட ஒண்ணு இருக்கும்தானே? அவரே வந்து திறந்து விட்டிருக்கலாம்தானே, பின்னாடி இருந்து பாத்தா ஆள் ஒரே மாதிரி தெரியும்தானே?

தும்மல் கதை இனிமே வேண்டாம். எனக்குச் சிரிப்பு வரல.

குளியலறைக் கதவைக் கழட்டி வச்சாச்சு. அலமாரியைக் கயித்தால கட்டியிருக்கு, இல்லேன்னா அதுவா திறந்துக்குது. அப்பா என் கட்டிலை வாசல் கதவுகிட்ட நகர்த்திப் போட்டிருக்கார். காத்து வரும்னார். செருப்பைக் கட்டிலுக்குப் பக்கத்துலயே வச்சுக்கச் சொன்னார். கதவைப் பூட்ட வேண்டாம், தாழ்ப்பாள் போதும்னார். அம்மா ஏன்னு கேட்டதுக்குக் கடைக்கு இறங்கிப் போயிட்டார்.

அவர் சரியா சாப்பிடுறது இல்லை அத்தை.

நான்தான்


ஏப்ரல் 16

தம்பிக்கு,

நலம் விசாரிக்க இன்னைக்கு எனக்குப் பொறுமை இல்லை.

நேத்து படம் போடுறவர் வந்திருந்தார். சுண்டெலி எழுதினதையெல்லாம் வச்சு உன் வீட்டை வரைஞ்சு கொண்டு வந்தார். வேடிக்கையா இருக்கும்னு எதிர்பார்த்தேன். அவர் காகிதத்தை மேஜையில வச்சுட்டு, "நேரா நிக்க மாட்டேங்குதும்மா"ன்னார். எனக்குப் புரியல. "கோலி, கதவு, கத்தரிக்கோல், சுவர்க்கோடு எல்லாம் அந்த ஒரு மூலையைப் பாத்துத்தான் போகுது. பொண்ணு சொன்னபடி வரைஞ்சா அந்த மூலைக்குக் கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி வருது. இது நீங்க கட்டின கதையா, இல்லை நிஜ வீடா?"ன்னு கேட்டார்.

அந்த மூட்டையில போனது துணி இல்லைடா, கால் தடம் மாவும் இல்லை. தூண். அந்த மூலைக்கு நேர் கீழ, கடையை மறைக்குதுன்னு தூணை உடைச்சு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா வெளிய தூக்கிட்டுப் போறாங்க. நான் அதை வச்சு ஜோக் எழுதியிருக்கேன். அச்சுக்குப் போற அத்தியாயத்தை இன்னைக்குக் காலையில கிழிச்சுப் போட்டேன்.

எந்த இன்ஜினியர் வந்தார்? பேர் சொல்லு.

பயப்பட ஒண்ணும் இல்லேன்னா, பிள்ளை கட்டிலை ஏண்டா வாசல் பக்கம் போட்டே?

உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் செருப்பை எடுத்துப் பக்கத்துல வச்சிருக்கே. உன் பிள்ளைக்கு வாசல் பக்கம் கட்டில் போட்டாச்சு, மேல மூணாவது மாடியில இருக்கிறவங்களுக்கு யார் போடுவா? பகல்ல செத்த மாதிரி தூங்குறாளே உன் பெண்டாட்டி, அவளுக்கு?

இந்தக் கடுதாசியோட இன்னொண்ணு எழுதி அவளுக்கு ஆஸ்பத்திரி விலாசத்துக்கு அனுப்பியிருக்கேன். ஒளிச்சு வச்சுடலாம்னு பாக்காதே.

அக்கா


மே 2

அண்ணிக்கு,

உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டதா வச்சுக்குங்க. எனக்கு எதுவும் வரிசையா எழுத வரல. நடந்ததைச் சொல்றேன்.

உங்க கடுதாசி டியூட்டி முடியிற நேரத்துல கைக்கு வந்துச்சு. யூனிபார்மோட ஓடினேன். பிள்ளை ஸ்கூலுக்குப் போயிருந்தா. இவர் கடைக்குக் கிளம்பிட்டு இருந்தார். கடுதாசியை முன்னால நீட்டினேன். படிச்சார். படிச்சு முடிச்சுட்டு அவ கட்டில் மேல உக்காந்துட்டார். அழுவார்னு நினைச்சேன். அழல. "தூணை எடுக்கக் கூடாதுன்னு ஒரு தடவை சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்"னார்.

அப்புறம் எழுந்து மேல போனார். ஒவ்வொரு கதவா தட்டினார். "இறங்குங்க. கீழ தூண் இல்லை. நான்தான் சாவி குடுத்தேன்"னு ஒவ்வொரு வீட்டுலயும் அதையே சொன்னார். ஒருத்தர் சட்டையைப் பிடிச்சார். ஒரு அம்மா கைக்குழந்தையைத் தூக்கிட்டுத் திட்டிக்கிட்டே ஓடினாங்க. எல்லாரும் தெருவுக்கு வந்தாச்சு.

அப்புறம் ஒண்ணும் நடக்கல அண்ணி. நல்ல வெயில். கட்டடம் எப்பவும் போல நின்னுச்சு. எல்லாரும் அதையே பாத்துக்கிட்டு நிக்கிறோம். நேரம் போகப் போக ஜனங்க இவரை முறைக்க ஆரம்பிச்சாங்க. முதலாளி கார்ல வந்து இறங்கி, "மேனேஜருக்குப் புத்தி கலங்கிடுச்சு, வீட்டுக்குப் போங்க"ன்னு சத்தம் போட்டார். சிலர் படி வரைக்கும் போயிட்டாங்க. இவர் கையை விரிச்சு வாசல்ல மறிச்சுக்கிட்டு நின்னார்.

டைலர் அண்ணன் மட்டும் பின்பக்கமா உள்ள போனார். சாயங்காலம் குடுக்க வேண்டிய சட்டை ரெண்டு மெஷின்ல இருந்துச்சாம். போறப்போ என்கிட்ட, "இதோ வந்துடுறேன் சிஸ்டர்"னார். நான் தடுக்கல. ஒண்ணும் ஆகலியேன்னு எனக்கும் தோணிடுச்சு அந்த நேரத்துல.

சத்தம்னு சொல்ல முடியாது. தரை பெருமூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. அந்த மூலை முதல்ல இறங்குச்சு, பின்னாலயே மொத்தக் கட்டடமும். இவர் டைலர் அண்ணன் பேரைக் கத்திக்கிட்டே தூசிக்குள்ள ஓடினார். இவரை இழுத்துட்டு வந்துட்டாங்க, தோள்பட்டை எலும்பு போச்சு. டைலர் அண்ணனை மறுநாள்தான் எடுத்தாங்க, உயிர் இல்லை.

நாங்க ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல இருக்கோம். இவருக்குக் கட்டுப் போட்டதும் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க. முதலாளி தனக்கு எதுவும் தெரியாதாம், மேனேஜர் தானா ஆள் வச்சு உடைச்சானாம். பிள்ளை பேசவே மாட்டேங்குறா.

வேற எழுத முடியல.


மே 20

அத்தைக்கு,

நான் நல்லா இருக்கேன்னு எழுதணும். நீங்களும் நல்லா இருங்க.

விசாரணை பண்ற மேடம் ஒருத்தங்க வந்தாங்க. ஞாயித்துக்கிழமை நான் என்ன பாத்தேன்னு கேட்டாங்க. எனக்கு ஞாபகம் இல்லைன்னேன். அவங்க பரவாயில்லைன்னு சொல்லிட்டு, அடுத்த மாசம் பெரிய விசாரணை இருக்கு, அங்க வந்து சொல்றியான்னாங்க.

ஞாபகம் இருக்கு அத்தை. ஓட்டை வழியா பாத்தப்போ அப்பா சின்னக் கதவைத் திறந்து விட்டார். முதலாளி நாற்காலியில உக்காந்து இதை உடை, அதை உடைன்னு விரலைக் காட்டினார். அப்பா சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னார். ரெண்டு பேரையும் பாத்தேன்.

பாத்ததைச் சொன்னா அப்பாவையும் சொல்லணும். சொல்லலைன்னா முதலாளி தப்பிச்சுடுவார். தும்மல் இருந்தா என்ன பண்ணுவான்?

சுண்டெலி


மே 28

என் கண்ணுக்கு,

நான் உயிரோட இருக்கேன், வேற விசேஷம் இல்லை.

தும்மலைக் கேக்காதே. அவனை நான்தான் எழுதுறேன், எனக்குத் தெரியாதது அவனுக்கும் தெரியாது. உன் கேள்வியை வச்சுக்கிட்டு ரெண்டு நாள் உக்காந்திருந்தேன். அவன் என் தம்பி. சின்ன வயசுல என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தவன். இதைச் சொல்லு, அதைச் சொல்லாதேன்னு எழுத என் கை வர மாட்டேங்குது.

அம்மா அப்பாவைப் பாக்கப் போறப்போ நீயும் கூடப் போய் அவன்கிட்டயே கேளு. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இதுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அவன் ஒருத்தன்தான். விசாரணைக்கு நானும் வர்றேன். உன் பக்கத்துல உக்காந்துக்கிறேன்.

உன் அத்தை


ஜூன் 17

அன்புள்ள அத்தைக்கு,

நாங்க சௌக்கியம். உங்களுக்கு டிக்கெட் எடுத்தாச்சுன்னு அம்மா சொன்னாங்க. ஆனா விசாரணையை முன்னாடியே வச்சுட்டாங்க. நேத்து முடிஞ்சுடுச்சு.

அப்பாகிட்ட முன்னாடியே கேக்க முடியல. பாக்க விடல. அதனால நான் என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் போனேன்.

பெரிய ஹால். மின்விசிறி சத்தம் ரொம்ப. முதலாளி முன்வரிசையில இஸ்திரி போட்ட சட்டையோட உக்காந்திருந்தார். டைலர் மாமாவோட பொண்ணு, அந்த அக்கா, பின்னாடி சுவர் ஓரமா நின்னாங்க, உக்காரச் சொல்லியும் உக்காரல. அப்பா இந்தப் பக்கம், கையைத் துணியில தொங்கப் போட்டுக்கிட்டு, ரெண்டு போலீஸுக்கு நடுவுல. ரொம்ப இளைச்சுட்டார். என்னைப் பாத்ததும் குனிஞ்சுக்கிட்டார்.

மேடம், "என்ன பாத்தேம்மா?"ன்னு கேட்டாங்க.

"முதலாளி நாற்காலியில உக்காந்து தூணை உடைக்கச் சொன்னார்"னேன்.

"கதவைத் திறந்தது யாரு?"

நான் என் செருப்பைப் பாத்தேன். முதலாளியோட வக்கீல் சிரிச்சார். "குழந்தை ஏதோ கதைப் புத்தகம் படிச்சுட்டு வந்து சொல்லுது"ன்னார்.

நான் அப்பாவைப் பாத்தேன். அவர் நிமிந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தார். "எங்க அப்பா"ன்னு சொன்னேன். சொன்னது எனக்கே கேக்கல.

அப்ப அப்பா எழுந்து நின்னார். போலீஸ்காரர் தோளைப் பிடிச்சு உக்கார வைக்கப் பாத்தார். அப்பாவுக்கு அங்கதான் அடி, வலிச்சிருக்கும். ஆனாலும் உக்காரல.

"இன்னும் சத்தமா சொல்லும்மா"ன்னார். "பின்னாடி நிக்கிற அந்தப் பொண்ணுக்குக் கேக்கல."

நான் சத்தமா சொன்னேன்.

சுண்டெலி